தண்ணிப் பிளேனும் இல்லாத பாரைக் கூட்டமும்

ஓய்வு பெற்ற ஒருவர் வந்து நாலு வார்த்தை சொல்லுவார் என்று இந்த ஜெட்டியைப் பார்த்துக்கொள்கிற அக்கா சொன்னதும், புதிதாக வேலைக்கு வந்த நீங்கள் மூன்று பேரும் நரைத்த தலை ஒன்றைத் தேடி வாசலைப் பார்த்தீர்கள். அது நான்தான். தலை நரைக்கவில்லை, கலியாணமும் ஆகவில்லை. அதனால் என்ன, படகிலிருந்து இறக்கப்பட்டவன் ஓய்வு பெற்றவன்தான். எழும்பி நின்று மரியாதை செய்ய வேண்டாம். ரொட்டி வாங்கித் தந்தால் போதும்.

என் படிப்பையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. சாதாரண தரப் பரீட்சையை நான் இரண்டு தரம் எடுத்தேன். கணக்குப் பாடம் என்னை ஒரு தரமும் எடுக்கவில்லை. உங்களில் மேல்வகுப்பு முடித்தவர்கள் நான் சொல்வதில் பிழை கண்டால் மனதுக்குள் சிரித்துக்கொள்ளுங்கள். வெளியே சிரிக்கிற உரிமை இந்த ஜெட்டியில் எனக்கு மட்டும்தான்.

வேலை என்னவென்று வீட்டில் என்ன சொல்லியிருக்கிறீர்கள்? புல்மோட்டைத் தம்பி, நீ எப்படியும் 'ஏர்போட்டில வேலை' என்று சொல்லியிருப்பாய். நானும் என் ஊர் சாம்பல்தீவில் அப்படித்தான் சொன்னேன். அம்மா அதை இன்னும் கொஞ்சம் ஊதி ஊர் முழுக்கச் சொன்னார். ஒரு நாள் மாமா ஒருவர் துறைமுகப் பக்கம் வந்தவர், நான் படகில் நின்று மீன்காரரைக் கலைப்பதைப் பார்த்துவிட்டார். "மருமகன் பிளேன் ஓட்டுறான் எண்டினம். வந்து பாத்தா காகம் கலைக்கிறான்" என்று அவர் சொன்ன கதை அடுத்த கலியாண வீடு வரைக்கும் ஓடியது.

மாமா சொன்னதில் பிழை இல்லை. கொழும்பிலிருந்து வரும் நம் சின்னப் பிளேனுக்குச் சில்லுக்குப் பதிலாக இரண்டு மிதவைகள். ஊரில் எல்லோருக்கும் அது தண்ணிப் பிளேன். உள்துறைமுகத்துத் தண்ணீரில் இறங்கும், அதே தண்ணீரில் ஓடி மேலே ஏறும். தரையில் என்றால் ஓடுபாதையைச் சுற்றி வேலி போடலாம். தண்ணீருக்கு வேலி போட ஏலாது. ஆகவே படகில் நிற்கிற ஆள்தான் வேலி. பிளேன் வரும்போதும் போகும்போதும் அந்தப் பாதைக்குள் வள்ளமோ வலையோ மிதக்கும் மரமோ இருக்கக் கூடாது. பாதை சுத்தமென்றால் பச்சைக் கொடி, இல்லையென்றால் சிவப்பு. இதைக் கற்றுக்கொள்ள ஒரு காலை போதும். மற்றதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்குக் காலம் எடுத்தது.

வேலைக்கு வந்த புதிதில் அக்கா ஜெட்டியிலிருந்து ரேடியோ செட்டில் கேட்டார்.

"பாதை சுத்தமா?"

"அக்கா, இங்க ஒரு வள்ளம் நிண்டது. அந்தாள் இப்பதான் வெத்திலையைத் துப்பிப்போட்டு எஞ்சினை இழுக்கிறார். அது கொஞ்சம் அடம்பிடிக்குது, ஆனா..."

"தம்பி, நான் உன்னட்டக் கதை கேக்கேல்லை. சுத்தமா, இல்லையா?"

"சுத்தமாகிக்கொண்டிருக்கு அக்கா."

"அப்ப இல்லை எண்டு சொல்லு."

பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் இன்னொரு நிறம் இருக்கிறதென்று நினைத்துக்கொண்டுதான் நான் வேலைக்கு வந்தேன். 'ஆகிக்கொண்டிருக்கிறது' என்பது 'இல்லை' என்பதற்கு நாம் போடுகிற பவுடர். அக்காவிடம் அது எடுபடாது. உங்களிடமும் எடுபடக் கூடாது.

அடுத்தது, மீன்காரர். அவர்களைச் சத்தம் போட்டுக் கலைக்க ஏலாது. அவர்களுடைய தகப்பன்மார் அந்த இடத்தில் தூண்டில் போடும்போது நம் பிளேன் பிறக்கவே இல்லை. கிண்ணியாவிலிருந்து வருகிறவர்களில் ரசூல் நானாதான் தலைவர் மாதிரி. அவர் எஞ்சினை இழுத்தால் மற்ற வள்ளங்களும் இழுக்கும். அவர் இருந்தால் எல்லோரும் இருப்பார்கள். நான் படகை மெதுவாக அவருக்குப் பக்கத்தில் விடுவேன்.

"நானா, பிளேன் வருது. கொஞ்சம் அங்கால போங்கோ."

"கடலு உன்ட வாப்பாட சொத்தா மகன்?"

"இல்லை நானா, உங்கட வாப்பாட சொத்து. நான் வாடகைக்கு நிக்கிறன்."

"அப்ப வாடகையத் தா."

"காசில்லை. ஒரு பாட்டுப் பாடித் தாறன்."

பாடத் தொடங்குவேன். என் குரலை நீங்கள் இன்னும் கேட்கவில்லை, அது உங்கள் அதிர்ஷ்டம். முதல் அடி முடியும் முன்பு நானா தூண்டிலைச் சுற்றிவிடுவார். "ஓட்டுங்கடா, இவன் வாயத் திறந்தா மீனெல்லாம் முல்லைத்தீவுக்குப் போயிடும்" என்று மற்றவர்களுக்கும் சத்தம் போடுவார். பாதை சுத்தம். பச்சைக் கொடி.

இப்படிப் பகிடியால் ஓடிய வேலை அது. ஆனால் அந்தத் தண்ணீரில் ஒரு விசயத்தில் மட்டும் யாரும் பகிடி விடுவதில்லை. நானும் விட்டதில்லை. பாரை மீன் கூட்டம் மேலே வந்து தண்ணீர் கொதிப்பதைக் கண்டவன் சேர்ட்டைக் கழற்றித் தலைக்கு மேலே சுற்றுவான். கண்ணுக்கு எட்டிய வள்ளம் எல்லாம் வரும். சுற்றியவன் தமிழனா முஸ்லிமா, நேற்று அவனோடு வலைக்குச் சண்டை பிடித்தோமா என்று யாரும் பார்ப்பதில்லை. சேர்ட்டு சுற்றினால் மீன். அதைப் பொய்யாகச் சுற்றினவன் என்று ஒருவனைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

அன்றைக்குப் பிளேனில் கொழும்புக்குப் போனவர்களில் வெள்ளைக்காரர் சிலர். அவர்களோடு அக்காவின் மனுசன். அத்தானை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மலை மாதிரி உடம்பு, கோழிக்குஞ்சு மாதிரி மனம். முதுகில் ஒப்பரேசன் செய்தவர். டொக்டரிடம் மறுபடி காட்ட வேண்டும், ஆனால் பஸ்ஸில் கொழும்பு வரை இருக்க ஏலாது. அக்கா பிளேன் ஓட்டுகிற கப்டனிடம் கதைத்து ஒரு இடம் எடுத்துக் கொடுத்திருந்தார். அத்தான் ஜெட்டியில் நின்று பிளேனை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, இது தண்ணியில போறதா, ஆகாயத்தில போறதா?"

"ரெண்டிலயும்தான் அத்தான்."

"அப்ப ரெண்டிலயும் சாகலாம்."

"முதல்ல ஏறுங்கோ" என்றார் அக்கா. "சாகிறதைப் பிறகு பாப்பம்."

அத்தான் ஏறினார். கதவு பூட்டுவதற்கு முதலே செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். அக்கா எட்டி அவருடைய பெல்ட்டை இறுக்கி, பிறகு இன்னொருமுறை இறுக்கிவிட்டு இறங்கினார். மற்ற ஆட்களுக்கு அவர் ஒருமுறைதான் இறுக்குவார்.

நான் படகை எடுத்துக்கொண்டு பாதையோரமாக அதன் நடுப்பகுதிக்குப் போனேன். நானாவின் ஆட்களை ஒரு பாட்டால் ஒதுக்கினேன். அவர்கள் பாதைக்கு அந்தப் பக்கம், கிண்ணியாப் பக்கத்து ஓரத்தில் போய் மறுபடியும் தூண்டில் போட்டார்கள். சின்னப் பிளேன் பாதையின் ஜெட்டி முனைக்குப் போய்த் திரும்பி நின்றது. உடனே ஏறவில்லை, ஏனென்றால் அக்கரையில் உள்ள விமானத் தளத்துக்குப் பெரிய பிளேன் ஒன்று வந்துகொண்டிருந்தது. அது தரையில் இறங்கிய பிறகுதான் நாம் ஏறலாம். அந்த ஒழுங்கைத் தளத்தில் இருப்பவர்களும் கப்டனும் தங்களுக்குள் கதைத்துக்கொள்வார்கள். நம் செட்டில் அது கேட்காது.

பெரிய பிளேன் வந்தது. வயிறு நிறையச் சனத்தோடு, சில்லை நீட்டிக்கொண்டு, எங்கள் பக்கமாக வந்து மரங்களுக்குப் பின்னால் தாழ்ந்தது. சத்தம் அடங்கியது. அதுதான் இறங்கிவிட்டது என்று நான் நினைத்தேன். கப்டனும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். தளத்தில் இருந்தவரும் அது தரையைத் தொடப்போகிறது என்ற துணிவில் நமக்கு வழி விட்டிருக்கிறார்.

"பாதை சுத்தமா?" என்றார் அக்கா.

"சுத்தம்."

பச்சைக் கொடியைக் காட்டினேன். பச்சையைப் பார்த்த பிறகு கப்டன் என்னைப் பார்க்க மாட்டார். அவருடைய கண்ணுக்கும் கைக்கும் வேறு வேலை வந்துவிடும். சின்னப் பிளேனின் எஞ்சின் இரையத் தொடங்கியது.

அந்த நேரம் நான் மரங்களின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. பெரிய பிளேன்களைப் பார்க்க எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். மரங்களுக்கு மேலே ஒரு வால் தெரிந்தது. வால் மட்டும் மரங்களோடு மரமாக ஓடியது. பிறகு முழுப் பிளேனும் எழும்பியது. இறங்கினது என்று நாம் எல்லோரும் நம்பிய பிளேன், துறைமுகத்தின் பக்கமாக மூக்கைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் ஏறிக்கொண்டிருந்தது.

ஓடுபாதைக்குள் எருமைகள் வந்துவிட்டன என்பது பிறகுதான் தெரிந்தது. தொடப்போன நேரத்தில் அதன் பைலட் எருமைகளைக் கண்டு மேலே தூக்கிவிட்டார். அவர் செய்தது சரி. எருமைகளும் தங்களுக்குத் தெரிந்ததைத்தான் செய்தன.

தம்பிமாரே, எனக்குக் கணக்கு வராது என்று சொன்னேன். ஆனால் அந்தக் கணக்குக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை. ஒன்று மரங்களுக்கு மேலாகத் தாழ்வாக வருகிறது. மற்றது தண்ணீரில் ஓடி எழும்பப் போகிறது. இரண்டும் சேருகிற இடம் என் தலைக்கு மேலே.

செட்டை எடுத்து "நில், நில், ஏறாதேங்கோ" என்றேன். ஓடத் தொடங்குகிற நேரம் கப்டன் நம் செட்டின் சத்தத்தைக் குறைத்துவிடுவார், தளத்தின் சத்தம்தான் அவருக்கு முக்கியம். தளத்தில் இருந்தவரும் பெரிய பிளேனின் பைலட்டும் அதே நேரத்தில் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் ஒரே நேரம் கதைத்தால் இரண்டு பேருடைய கதையும் கேட்காது. கீச்சென்று ஒரு சத்தம் மட்டும் வரும். கப்டனுக்கு அதுதான் வந்தது.

சிவப்புக் கொடியைத் தூக்கி ஆட்டினேன். படகின் பலகையில் ஏறி நின்று குதித்தேன். சின்னப் பிளேன் ஓடத் தொடங்கிவிட்டது. தொடக்கத்தில் அது மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் ஓடும், பைலட்டுக்கு முன்னால் ஆகாயம் மட்டும்தான் தெரியும். என்னைக் கண்டது யன்னலோரம் இருந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி. பாவம், சந்தோசமாகக் கையை ஆட்டினாள்.

இனிக் கப்டன் முன்னால் எதையாவது பார்ப்பதென்றால் பிளேன் வேகம் பிடித்து மூக்குத் தாழ்கிற நேரம்தான். அப்போது அவர் ஒன்றே ஒன்றைத்தான் பார்ப்பார். பாதை சுத்தமா, இல்லையா.

சுத்தமாக வைத்திருந்தவன் நான். அழுக்காக்கவும் நான்தான் வேண்டும்.

உயிர்காப்பு அங்கியின் கொக்கிகள் அவசரத்துக்குக் கழலாது, இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தலையால் இழுத்து எறிந்தேன். சேர்ட்டைக் கழற்றினேன். ஒரு கணம் கையில் வைத்துக்கொண்டு நின்றதும் உண்மை. பிறகு தலைக்கு மேலே சுற்றினேன்.

ரசூல் நானாவின் வள்ளம்தான் முதலில் திரும்பியது. அவருக்குப் பின்னால் எல்லாம் திரும்பின. அவ்வளவு நாளும் நான் பாடிப் பாடி ஒதுக்கிய அத்தனை வள்ளங்களும், எஞ்சின் கிழிய, ஒன்றையொன்று முந்திக்கொண்டு, பாதைக்குள் பாய்ந்தன. நானா வள்ளத்தின் முன்னால் நின்று தூண்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரைத் தேடிக்கொண்டு வந்தார். வலப்பக்கம் என்ன வருகிறதென்று அவர் பார்க்கவேயில்லை. மீன் என்று கூப்பிட்டால் யார் பக்கத்தைப் பார்ப்பான்?

சின்னப் பிளேனின் மூக்குத் தாழ்ந்தது.

அந்த இடத்தை நான் அடிக்கடி நினைப்பதில்லை. நினைத்தால் பிளேன் நிற்காத மாதிரிதான் வரும். அன்றைக்கு நின்றது. கப்டன் எஞ்சினை அறுத்தார். பிளேன் தண்ணீரைக் குத்தி, நுரையைக் கிளப்பி, ஒரு பக்கமாகச் சரிந்து திரும்பியது. இறகு நானாவின் தலைக்கு மேலே போனது. நானா குந்தினார். அவருடைய தொப்பி தண்ணீரில் விழுந்தது.

அந்த நேரம் எங்கள் எல்லோர் மேலும் ஒரு நிழல் விழுந்தது. பெரிய பிளேன் எங்களுக்கு நேர் மேலே போனது. சில்லு இன்னும் முழுதாக உள்ளே போகவில்லை. சில்லில் ஒட்டியிருந்த மண்கூடத் தெரிந்தது என்று நான் சொன்னால் பகிடி என்பீர்கள், ஆகவே சொல்லவில்லை. அது போய்ச் சத்தம் அடங்கிய பிறகு, தண்ணீர் வள்ளங்களில் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் கதைத்தவர் நானாதான். அவர் தொப்பியைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பிழிந்தார்.

"எங்க மகன் மீன்?"

"நானா, மேல பாத்தனீங்களா?"

"பாத்தன். பிளேன் போகுது. மீன் எங்க?"

கப்டன் தன் பக்கத்து யன்னலைத் திறந்தார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்றைக்கும் போடவில்லை.

"பாதைக்குள்ள போட்டுகளை விட்டது யார்?"

"நான்தான் சேர்."

அவர் பெரிய பிளேன் போன பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெறும் மேலோடு, கையில் சேர்ட்டோடு நிற்கிறேன். மறுபடியும் ஆகாயத்தைப் பார்த்தார்.

"உங்களிட்டக் குடிக்கத் தண்ணி இருக்கா?" என்றார்.

போத்தலை நீட்டினேன். படகுக்கும் யன்னலுக்கும் நடுவில் பாதித் தண்ணீர் கடலுக்குள் போனது. கடலுக்கு அது தேவைப்படவில்லை.

பிளேனை ஜெட்டிக்கு இழுத்துக்கொண்டு போனோம். அக்கா முனையிலேயே நின்றார். ஜெட்டியிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும், ஒன்றும் செய்ய ஏலாது. அந்த இடம் எவ்வளவு கஷ்டமென்று இப்போது அங்கே வேலை செய்கிற எனக்குத் தெரியும். கதவைத் திறந்ததும் அத்தான் இருந்தபடியே இருந்தார். கண் மூடியபடி, செபமாலை கையில்.

அக்கா அவருடைய தோளைத் தொட்டார். அத்தான் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"கொழும்பு வந்திட்டுதா?"

"ஓம்" என்றார் அக்கா. "இறங்குங்கோ."

அவர் இறங்கி, ஜெட்டியைப் பார்த்து, நம் ரொட்டிக் கடையைப் பார்த்து, என்னைப் பார்த்தார். "கொழும்பிலயும் இவன் நிக்கிறானே" என்றார். அக்கா சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே படியில் இருந்துவிட்டார். கனநேரம் முகத்தைத் தூக்கவில்லை. அது சிரிப்பு முடிந்த பிறகும் சிரிப்பு மாதிரியே இருந்தது. நான் அந்த நேரம் பகிடி ஒன்றும் விடவில்லை. விடத் தோன்றாத ஒரே நாள் அது.

பிறகு விசாரணை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் நான், மாமாவிடம் இரவல் வாங்கிய சப்பாத்தோடு.

"யாரிட்ட அனுமதி எடுத்துப் படகுகளை உள்ளுக்கு விட்டனீர்?"

"அனுமதி தாறவை எல்லாரும் அந்த நேரம் ஒண்டாக் கதைச்சுக்கொண்டு இருந்தவை சேர்."

ஒருவர் சிரிப்பை அடக்கினார். நடுவில் இருந்தவர் அடக்கவில்லை, ஏனென்றால் அவருக்குச் சிரிப்பே வரவில்லை. "பைலட் நிப்பாட்டாமல் விட்டிருந்தா, நீர் அந்த மீன்காரரைச் சாகடிச்சிருப்பீர். விளங்குதா?" என்று கேட்டார்.

"விளங்குது சேர்."

அவர் சொன்னதுதான் நியாயம். இதை நீங்கள் வீரக் கதையாகக் கொண்டுபோகக் கூடாது. மேலே இரண்டு பிளேன்களில் இருந்தவர்களைக் காப்பாற்ற, கீழே ஒன்றும் தெரியாதவர்களைக் காற்றாடிக்கு முன்னால் கூப்பிட்டேன். அவர்களிடம் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. நிப்பாட்டினது கப்டனுடைய கை. என்னுடையது வெறும் சேர்ட்டு. மறுபடியும் அப்படி வந்தால் செய்வீரா என்று நடுவில் இருந்தவர் கேட்டார். "செய்வன் சேர்" என்றேன். "செய்திட்டுத் திரும்பவும் இப்பிடி வந்து உங்களுக்கு முன்னால இருப்பன்." வேலை போகவில்லை.

அந்த மேசையை விடப் பெரிய மேசை ஒன்று எனக்குக் கிண்ணியாவில் இருந்தது. பாலத்தைத் தாண்டி ரசூல் நானாவின் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் தூண்டில் நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அதற்குள் நடந்தது என்னவென்று கரை முழுவதும் தெரிந்துவிட்டது. கதிரையைக் காட்டினார். தேத்தண்ணி வந்தது. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கேட்கும்போதும் பகிடியாகத்தான் தொடங்கினேன், எனக்கு வேறு வழி தெரியாது.

"நானா, உங்கட தொப்பிக்கு வந்த நட்டத்தைப் பாடித் தீர்க்கட்டா?"

"பாடினா இப்பவே எழும்பிப் போவன்" என்றார். நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மகன், நீ செஞ்சது சரி. எண்ட ஹயாத்து அண்டைக்கு முடியிற எண்டா முடிஞ்சிருக்கும். அதுக்கு உன்னில கோபமில்ல. அக்காட மாப்பிள்ள உசிரோட வந்தாரு, அது போதும்."

"அப்ப என்ன நானா?"

"என்னண்டா, நாளைக்கி நீ சேர்ட்டைக் கழட்டினா நான் முதல்ல வானத்தப் பாப்பன்." நூலைக் கடித்து அறுத்தார். "நான் பாத்து முடிக்கிறதுக்குள்ள மீன் போயிடும்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். இரண்டு பேரும் தேத்தண்ணியைக் குடித்து முடித்தோம். பகிடி என்றே நினைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி வந்தேன்.

பகிடியில்லை என்பது பிறகு ஒரு நாள் தெரிந்தது. பிளேன் ஒன்றும் இல்லாத நேரம். நான் பாதையோரம் படகில் இருந்தேன். எனக்குக் கொஞ்சத் தூரத்தில் தண்ணீர் கொதித்தது. பாரை, உண்மையான பாரை, வெள்ளி வெள்ளியாக மேலே துள்ளியது. நான் பிறந்ததிலிருந்து அப்படியொரு கூட்டத்தைக் கண்டதில்லை. உடனே சேர்ட்டைக் கழற்றிச் சுற்றினேன்.

வள்ளம் ஒன்றும் அசையவில்லை. எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் மேலே நிமிர்ந்தது. ரசூல் நானா வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து ஆகாயத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் தேடினார். பக்கத்து வள்ளத்துக்காரன் அவருக்கு மேகத்தைச் சுட்டிக் காட்டினான். நான் சுற்றிக்கொண்டே "மீன், மீன்" என்று கத்தினேன். அவ்வளவு தூரத்தில் அது யாருக்குக் கேட்கும்? அவர்கள் பிளேனைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பாரைக் கூட்டம் அவர்களுடைய வள்ளங்களுக்குக் கீழால் போனது.

அக்காவிடம் வந்து சொன்னேன். சொல்லும்போது எனக்கே சிரிப்புத் தாங்கவில்லை. அக்கா சிரிக்கவில்லை.

"தம்பி, உன்னை ஜெட்டிக்கு எடுக்கப் போறன்."

"ஏன் அக்கா? பாதை சுத்தமாத்தானே இருக்கு."

"சுத்தமாத்தான் இருக்கு. நீ கலைச்சா அவங்கள் போறாங்கள். கூப்பிட்டா வாறாங்களா?"

வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்ல ஏலாது. அந்தப் பவுடர் அக்காவிடம் எடுபடாது.

"இல்லை" என்றேன்.

அதனால்தான் நான் ஓய்வு. அதனால்தான் நீங்கள் மூன்று பேரும் இங்கே நிற்கிறீர்கள். செட்டு, கொடி, எஞ்சின் எல்லாம் கொம்பனி தரும். தண்ணீரில் உங்களுக்கு யாரும் தராத ஒரு சாமான் ஏற்கெனவே இருக்கிறது. உங்களுடைய சேர்ட்டு இன்னும் மீனுக்குத்தான். நீங்கள் சுற்றினால் கிண்ணியா ஆட்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். அதை ஒருமுறைதான் செலவழிக்கலாம். எதற்குச் செலவழிப்பதென்று நான் உங்களுக்குச் சொல்லித்தர ஏலாது, அந்த நேரம் வந்தால் நீங்களே பாருங்கள். வராமலே போனால் இன்னும் நல்லது.

சரி, அக்கா கையைக் காட்டுகிறார், பிளேனுக்கு நேரமாகிறது. புல்மோட்டைத் தம்பி, நீ முதலில் போ. நானா வாடகை கேட்பார், பாடிக் கொடு. வெயில் எவ்வளவு எரித்தாலும் சேர்ட்டை மட்டும் கழற்றாதே.